அதே கூட்டுக்குள் கூடுதல் உதைப்பு எங்கிருந்து வருகிறது?

கல்முனை | 3 ஜூலை 2024

சேர்மாருக்கு ஒரு கேள்வி. எஃப்-15, எஃப்-16 போர் விமானங்கள் இரண்டிலும் ஓடுகிற பிராட் அண்ட் விட்னி எஃப்100 எஞ்சினின் 220 வகை, ஆஃப்டர்பேர்ணர் (பின்குழாயில் மறுபடி எரிபொருள் எரிக்கும் பகுதி) எரியும்போது 105.7 கிலோநியூற்றன் உதைப்பு, அதாவது முன்னுக்குத் தள்ளும் விசை, தருகிறது. அதே எஞ்சினின் 229 வகை 129.7 தருகிறது. வெளி அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். "எரிபொருளைக் கூட விட்டிருப்பாங்க, வேறென்ன" என்று எங்கட வகுப்பில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படியென்றால் முதல் எஞ்சினிலேயே கூட விட்டிருக்கலாமே என்பது என் வாதம். அந்த 24 கிலோநியூற்றன் எங்கிருந்து வந்தது?

களுதாவளை | 3 ஜூலை, இரவு

தம்பி, உங்கட வாதம்தான் சரி. சமன்பாட்டை ஒருக்கா எழுதிப் பாருங்க. ஒரு செக்கனில் எஞ்சினுக்குள் போகிற வளியின் திணிவை, வாயு வெளியேறும் வேகத்துக்கும் விமானத்தின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். நொசில் (வாயு வெளியேறும் பின்குழல்) வாயில் வெளியமுக்கத்தைவிட அமுக்கம் மிஞ்சி நின்றால், அந்த மிச்சத்தை வாயின் பரப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். உதைப்பு அவ்வளவுதான். எரிபொருள் இங்கே வெளியேறும் வேகத்தைக் கூட்டுகிற ஒரு வழியாக மட்டும் வருகிறது.

அந்த வழிக்கு இரண்டு வேலிகள் உண்டு. எரிபொருள் கூடினால் டர்பைனுக்குள் (வாயு தள்ளிச் சுழற்றும் பிளேட் சக்கரம்) நுழையும் வாயு சூடேறும். பிளேட் தாங்கும் எல்லையில் அது நின்றுவிடும். இரண்டாவது வேலி, வளியை அமுக்கிக் கொடுக்கிற கொம்பிரசர். தகனவறையில் திடீரென்று சூடு ஏறினால் அமுக்கம் பின்னுக்குத் தள்ளும், கொம்பிரசர் பிளேட்டுகளை விட்டு வளி பிரியும், ஓட்டம் ஒரு நொடிக்குத் திரும்பி முன்னுக்கு வரும். சேர்ஜ் என்று சொல்வது இதைத்தான். வளி நுழையும் முன்வாய்ப் பக்கத்தால் நெருப்பு வருகிற அளவுக்குக்கூடப் போகும். 220 வகையை வடிவமைத்தவர்கள் இந்த இரண்டு வேலிக்கும் எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு போயிருப்பார்கள். வேலியைத் தள்ளி நட்டால்தான் மேலே இடம் கிடைக்கும்.

229-இல் செய்தது: மொத்த அமுக்க விகிதம் (உள்ளே வரும் வளியை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 25-இலிருந்து 32-க்குப் போனது. பைபாஸ் விகிதம் (கோருக்கு வெளியால் போகும் வளியை, கோருக்குள் போகும் வளியால் வகுத்தது) 0.6-க்கு மேலே இருந்தது 0.36-க்கு இறங்கியது. இரண்டாவதன் அர்த்தத்தைக் கணக்காகப் பாருங்க. பைபாஸ் 0.6 என்றால் முன்னால் சுழலும் ஃபேன் உறிஞ்சுகிற வளியில் நூற்றுக்கு 62 பங்குதான் கோருக்குள் போகும். 0.36 என்றால் 73 பங்கு. கோர் என்றால் உயரமுக்கக் கொம்பிரசர், தகனவறை, உயரமுக்க டர்பைன் மூன்றும் சேர்ந்த நடுப்பகுதி. எரிபொருள் எரிந்து வேலை கிடைப்பது அங்கேதான். வெளிக்கூடு மாறாமல் உள்ளே கோரின் பங்கைப் பெருப்பித்திருக்கிறார்கள். இழந்தது என்ன? மெதுவாகப் பறக்கும்போது எரிபொருள் சிக்கனம். போர் விமானத்துக்கு அந்த வியாபாரம் கட்டும், பயணிகள் விமானத்துக்குக் கட்டாது.

வாழைச்சேனை | 4 ஜூலை

ஆஃப்டர்பேர்ணர் இல்லாமல் எவ்வளவு? கூடின உதைப்பு முழுக்க அதிலிருந்து வந்ததாகவும் இருக்கலாமே.

களுதாவளை | 4 ஜூலை

இல்லை. 220 உலர் உதைப்பு (ஆஃப்டர்பேர்ணர் எரியாதபோது) 65 கிலோநியூற்றன், 229 உலர் உதைப்பு 79. உலர் நிலையில் நூற்றுக்கு 22, ஆஃப்டர்பேர்ணரோடு நூற்றுக்கு 23. இரண்டும் ஏறக்குறைய ஒரே பங்கில் கூடியிருப்பதைக் கவனியுங்க. கூடுதல் கோரிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆஃப்டர்பேர்ணர் அதைப் பெருக்கிக் கொடுத்திருக்கிறது. எந்த எஞ்சினின் மேம்பாட்டைப் பார்த்தாலும் முதலில் இந்த இரண்டு வீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. உலர் எண் அசையாமல் நனைந்த எண் (ஆஃப்டர்பேர்ணரோடு உள்ளது) மட்டும் ஏறியிருந்தால் வேலை பின்பக்கத்தில் நடந்திருக்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம்.

களுதாவளை | 5 ஜூலை

டர்பைன் வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உதைப்பு மேம்பாட்டில் காசும் காலமும் அதிகம் கரைகிற இடம் இதுதான்.

இன்றைய போர் எஞ்சின்களில் டர்பைன் முகப்பில் வாயுவின் சூடு 1,500 பாகை செல்சியஸைத் தாண்டும். பிளேட் செய்த நிக்கல் கலப்புலோகமோ 1,300-ஐத் தாண்டிய பிறகு உருகத் தொடங்கும். உருகாமல் நிற்பதற்கு மூன்று காரணம்.

முதலாவது வார்ப்பு. சாதாரண வார்ப்பில் உலோகம் ஆயிரம் மணிகளாக, அதாவது சிறு பளிங்குகளாக, உறையும். சூட்டிலும் மையநீக்க விசையிலும் மணிக்கு மணி இடையில் உள்ள எல்லைகள்தான் முதலில் விடும். அதனால் முழு பிளேட்டையும் ஒரே பளிங்காக வளர்க்கிறார்கள். அச்சின் அடியில் குளிர்ந்த செப்புத் தட்டு இருக்கும். அதிலிருந்து பல பளிங்குகள் மேலே வளரும். நடுவில் ஒரு ஒடுங்கிய சுருள் வழி வைத்திருப்பார்கள். அந்தச் சுருளைத் தாண்டி ஒன்றுதான் மேலே வரும். பிறகு அச்சை உலையிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்க, அந்த ஒன்று முழு பிளேட்டையும் நிரப்பும். இறக்கும் வேகம் கொஞ்சம் பிசகினாலும் ஓரத்தில் வேறொரு மணி முளைத்துவிடும், அந்த பிளேட் கழிவுக்குப் போகும்.

இரண்டாவது குளிர்ச்சி. பிளேட்டின் உள்ளே வளைந்து வளைந்து போகிற வழிகள் உண்டு. வார்க்கும்போது அந்த வழிகளின் வடிவில் பீங்கான் கரு வைத்து, பிறகு காரத்தில் கரைத்து எடுப்பார்கள். கொம்பிரசரிலிருந்து எடுத்த வளி அதற்குள் ஓடி, முகப்பில் உள்ள அரை மில்லிமீற்றர் அளவுத் துளைகளால் வெளிவந்து, பிளேட்டின் மேல் ஒரு படலமாகப் படியும். துளைகளை லேசரால் அல்லது மின்பொறியால் போடுவார்கள். குளிர்ச்சிக்குப் போகும் வளி சும்மா கிடைப்பதில்லை. கோர் வளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இப்படிப் போய்விடும். அந்த வளியை அமுக்கச் செலவழித்த வேலையின் பெரும்பகுதி திரும்பி வராது. ஆகவே சூட்டைக் கூட்டி அதற்காகக் குளிர்ச்சி வளியையும் அதே அளவுக்குக் கூட்டினால், ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்த கதைதான். துளைகளின் சரிவையும் வாயின் வடிவத்தையும் திருத்தி, குறைந்த வளியில் அதே குளிர்ச்சி எடுக்கும்போதுதான் உண்மையான இலாபம்.

மூன்றாவது பூச்சு. இற்றியம் சேர்த்த சேர்க்கோனியாப் பீங்கான், ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று முதல் மூன்று வரை தடிப்பு. வெளிப்பக்கத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் 100 பாகைக்கு மேல் வித்தியாசத்தைத் தாங்கும். அதற்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒட்டுப்பூச்சு ஒன்று இருக்கும். ஓட ஓட அதன் மேல் அலுமினா வளர்ந்து தடிக்கும். அந்தத் தடிப்பு ஒரு அளவைத் தாண்டினால் பீங்கான் தகடு தகடாகக் கழரும். கழன்ற இடத்தில் உலோகம் நேரே வாயுவைப் பார்க்கும்.

இதில் மனதில் வைக்க வேண்டிய எண் ஒன்று: பிளேட் உலோகத்தின் சூடு 10 முதல் 15 பாகை வரை கூடினால் அதன் ஊர்வு ஆயுள் (சூட்டிலும் இழுவையிலும் மெல்ல நீண்டு கெடும் வரை உள்ள காலம்) ஏறக்குறைய பாதியாகும். ஆயுளைப் பற்றிக் கவலைப்படாவிட்டால் எந்த எஞ்சினிலும் கொஞ்சம் உதைப்பைப் பிடுங்கிவிடலாம். வடிவமைப்பு மேம்பாடு என்று சொல்லக்கூடியது, ஆயுளைத் தின்னாமல் உதைப்பைத் தருவதைத்தான்.

அக்கரைப்பற்று | 5 ஜூலை

நம்மட கடற்கரையில் உப்புக்காற்று. அது இந்தப் பூச்சுகளை என்ன செய்யும்?

களுதாவளை | 6 ஜூலை

இரண்டு இடத்தில் கெடுக்கும், காக்கா. கொம்பிரசர் பிளேட்டில் உப்புப் படிந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகும், அமுக்க விகிதம் இறங்கும். அதே உதைப்பை எடுக்க எஞ்சின் கூடச் சூடாக ஓட வேண்டி வரும். மருந்து கழுவல்: எஞ்சின் ஆறிய பிறகு, ஸ்டார்டரால் மட்டும் சுழற்றிக்கொண்டு, கனிமம் நீக்கிய தண்ணீரை வாய்ப்பக்கத்தால் தெளிப்பது. குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள உப்பு மிச்சமாகி அதுவே படியும்.

டர்பைனில் உப்பின் சோடியமும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேற்றாகி, 700 முதல் 900 பாகைக்குள் உருகி உலோகத்தை அரிக்கும். மணல் தூசி வேறு வகை. 1,200 பாகைக்கு மேலே அது கண்ணாடி போல உருகிப் பீங்கான் பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கி, ஆறும்போது இறுகிப் பூச்சைப் பெயர்க்கும். பழைய, சூடு குறைந்த எஞ்சின்களில் தூசி உருகாமல் ஊதிக்கொண்டு போய்விடும். சூட்டைக் கூட்டிய பிறகு புதிதாக வந்த வில்லங்கம் இது.

அக்கரைப்பற்று | 7 ஜூலை

அப்ப இஸ்ரேலின் கிபிர் போர் விமானக் கதைக்கு வருவோம். பிரெஞ்சு மிராஜ் உடம்புதான், எஞ்சின் மட்டும் அமெரிக்கன் என்று சொல்வார்கள். எஞ்சினை மாற்றினால் உதைப்புக் கூடும்தானே, அதற்கு ஏன் முழு விமானத்தையும் திருத்தினார்கள்?

களுதாவளை | 7 ஜூலை

இலங்கை விமானப்படை 1996-இல் வாங்கிய கிபிரின் சத்தம் என்னவென்று படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த நினைவின் பாரம் தெரிந்துதான் இதை எழுதுகிறேன். இங்கே எஞ்சினை மட்டும் பார்ப்போம்.

மிராஜில் இருந்தது பிரெஞ்சு அட்டார் 9சி, ஆஃப்டர்பேர்ணரோடு ஏறக்குறைய 60 கிலோநியூற்றன். இஸ்ரேல்காரர் அந்த இடத்தில் ஜெனரல் இலெக்ட்ரிக்கின் ஜே79-ஐ வைத்தார்கள், 79.6 கிலோநியூற்றன். மூன்றில் ஒரு பங்கு கூட. ஆனால் ஜே79 கூட வளி கேட்கும், அதனால் வளி நுழையும் பக்கவாட்டு வாய்களை அகலப்படுத்த வேண்டி வந்தது. பின்பக்கம் கூடச் சூடாகும், அதனால் ஆஃப்டர்பேர்ணரைச் சுற்றி டைட்டேனியம் வெப்பக் கவசம் போட்டு, வால் செட்டையின் அடியில் குளிர்வளி பிடிக்க ஒரு வாய் வைத்தார்கள். கிபிரின் படத்தில் முதுகும் வால் செட்டையும் சந்திக்கிற இடத்தில் அந்தக் குழல்வாய் தெளிவாகத் தெரியும். பின்னுடம்பையும் நீளத்தில் குறுக்கி அகலமாக்கினார்கள். பாரம் கூடியதால் சக்கரத் தாங்கிகளையும் பலப்படுத்தினார்கள்.

வாயை அகலப்படுத்தாமல் விட்டிருந்தால்? கேட்கிற வளி கிடைக்காது. ஃபேனோ கொம்பிரசரோ முகப்பில் அமுக்கம் குறைந்து, ஓட்டம் குழம்பி, சேர்ஜுக்குக் கிட்டப் போகும். எஞ்சின் விற்பவர் காகிதத்தில் கொடுக்கிற உதைப்பு, சோதனைக் கூடத்தில் அகன்ற மணிவாய் வைத்து அளந்தது. விமானத்தின் வாயும் குழாயும் அதில் ஒரு பங்கை எப்போதும் பிடித்துக்கொள்ளும்.

எஃப்-16-க்கும் இதே கதை. ஜெனரல் இலெக்ட்ரிக் எஃப்110 எஞ்சின் எஃப்100-ஐவிடக் கூட வளி குடிக்கும். அதனால் அந்த எஞ்சின் போட்ட எஃப்-16-களில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய வாய் செய்தார்கள். இரண்டு வகை விமானத்தையும் முன்னால் நின்று பார்த்தாலே பெரும்பாலும் பிரித்துச் சொல்லலாம்.

வாழைச்சேனை | 8 ஜூலை

ஜே79-ஐப் பெரிதாகச் சொல்கிறீர்கள். சோவியத் மிக்-21 பிஸ் போர் விமானத்தின் ஆர்-25 எஞ்சின் 97 கிலோநியூற்றன் தருகிறது, அதுவும் சின்ன எஞ்சின். அதைத்தானே மேம்பாடு என்று சொல்ல வேண்டும்?

களுதாவளை | 8 ஜூலை

அந்த 97-ஐ மற்ற எண்களோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. ஆர்-25 நிலத்தில் நிற்கும்போது முழு ஆஃப்டர்பேர்ணரில் தருவது 70-க்குக் கொஞ்சம் கீழே. 97 என்பது அவசர நிலை. தாழ்வான உயரத்தில், ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும்போது, ஆகக்கூடியது 3 நிமிடம். அந்த வேகத்தில் விமானத்தின் வாயே வளியை அமுக்கிக் கொடுக்கும், அதனால் செக்கனுக்குப் போகும் வளி கூடும். அதோடு ஆஃப்டர்பேர்ணருக்கு இரண்டாவது எரிபொருள் பம்பும் திறக்கும். ஜே79-இன் 79.6 நிலத்தில் நின்று அளந்தது. உதைப்பு எண்ணைக் கேட்டால் கூடவே மூன்றைக் கேளுங்க: எந்த வேகத்தில், எந்த உயரத்தில், எத்தனை நிமிடம்.

ஆனால் மிக்-21-ஐக் கொண்டுவந்தது நல்லது. அந்த ஒரு விமானத்துக்குள் மூன்று தலைமுறை எஞ்சின் போயிருக்கிறது. ஆர்-11-இன் உயரமுக்கக் கொம்பிரசரில் 3 படி (பிளேட் வரிசை). ஆர்-13-இல் அதை 5 படி ஆக்கினார்கள். ஆர்-25 அதன் மேல் கட்டியது. ஆர்-11எஃப் 56 கிலோநியூற்றன், ஆர்-13 ஏறக்குறைய 64, ஆர்-25 70-க்குக் கிட்ட. ஆனால் உலர் எண்களைப் பாருங்க: ஏறக்குறைய 38, 40, 40. கிட்டத்தட்ட அசையவில்லை. 4-ஆம் திகதி சொன்ன சோதனை இங்கே மற்றப் பக்கம் காட்டுகிறது: இந்தக் குடும்பத்தில் ஏற்றம் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து வந்தது.

கிபிரிலும் ஒரு அவசர நிலை உண்டு. சி.7 வகையில் குறுகிய நேரத்துக்கு மட்டும் ஆஃப்டர்பேர்ணர் உதைப்பை ஏறக்குறைய 1,000 இறாத்தல், அதாவது 4.4 கிலோநியூற்றன் கூட்டலாம். இதெல்லாம் ஆயுளை அடகு வைத்து எடுக்கிற உதைப்பு.

கல்முனை | 10 ஜூலை

பின்பக்கம் பின்பக்கம் என்கிறீர்கள், அங்கே என்னதான் நடக்கிறது? எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் எரித்தால் வேகம் கூடும் என்பது விளங்குது. நொசில் ஏன் திறந்து மூட வேண்டும்?

களுதாவளை | 10 ஜூலை, இரவு

டர்பைனைத் தாண்டி வரும் வாயுவில் எரியாத ஒட்சிசன் நிறைய மிச்சம் இருக்கும். குழாயில் மறுபடி எரிபொருள் தெளித்து எரித்தால் சூடு 1,700 பாகை அளவுக்குப் போகும். அங்கே சுழலும் பாகம் இல்லாததால் அந்தச் சூட்டைக் குழாய் தாங்கும், அதுவும் உட்சுவரை ஒட்டிக் குளிர்வளி ஓடுவதால்.

சூடேறிய வாயு விரியும், நொசிலின் அதே வாயால் அதே திணிவு போக முடியாது. மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பி நிற்கிறது, முகத்துவாரம் வெட்டவில்லை என்றால் என்ன நடக்கும்? தண்ணீர் திரும்பி வயலுக்குள் ஏறும். அதேதான். நொசில் திறக்காவிட்டால் அமுக்கம் பின்னுக்கு ஏறி, டர்பைனைத் தாண்டி ஃபேன் வரை போய் அதை ஸ்டோலாக்கும் (பிளேட்டை விட்டு வளியைப் பிரிய வைக்கும்). டர்போஃபேனில் (ஃபேனும் பைபாஸும் உள்ள எஞ்சின்) இது இன்னும் சுருக்காக நடக்கும், பைபாஸ் குழாய் நேரே ஃபேனுக்கு வழி கொடுக்கிறபடியால். எதிர்ப்பக்கமும் உண்டு. நெருப்புப் பிடிக்க முன்னமே நொசில் திறந்துவிட்டால் அமுக்கம் விழும், உதைப்பு ஒரு நொடிக்குக் குறையும். ஆகவே எரிபொருளைப் படிப்படியாக வளையம் வளையமாகத் திறப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் நொசில் கொஞ்சம் விரியும்.

மேம்பாட்டில் மாட்டுகிற இடம் அதிர்வு. எரிதல் குழாயின் ஒலியோடு சேர்ந்துகொண்டால் கீச்சென்ற உயர் அதிர்வு வரும். நிமிடங்களில் உட்சுவரை வெடிக்க வைக்கும். அதைக் குடிக்கத்தான் உட்சுவரின் முன்பகுதியில் நூற்றுக்கணக்கான சிறுதுளைகள். எரிபொருளைக் கூட்டினால் அதிர்வின் இயல்பு மாறும், பழைய துளை ஒழுங்கு பிடிக்காது. சுவாலையைத் தாங்கும் வி வடிவத் தடைகளும் ஒரு செலவுதான்: ஆஃப்டர்பேர்ணர் அணைந்திருக்கும் நேரமெல்லாம் அவை வாயுவை மறித்து உலர் உதைப்பைக் கொஞ்சம் தின்னும். 144 கிலோநியூற்றன் அளவுக்குப் போன எஃப்110-132 வகையில் ஆரைவழி அமைந்த புதிய ஆஃப்டர்பேர்ணர் போட்டார்கள்.

செலவைக் கேளுங்க. எஃப்100-229 முழு உலர் உதைப்பில் நிமிடத்துக்கு 100 கிலோ எரிபொருள் குடிக்கும். முழு ஆஃப்டர்பேர்ணரில் 430 கிலோ. உதைப்பு 1.6 மடங்கு, எரிபொருள் 4 மடங்குக்கு மேல். எஃப்-16-இன் உள்தாங்கி ஏறக்குறைய 3,200 கிலோ. கடல்மட்டத்தில் 7, 8 நிமிடத்தில் காலி.

அக்கரைப்பற்று | 11 ஜூலை

முகத்துவாரம் நல்லா விளங்கிச்சு.

களுதாவளை | 13 ஜூலை

இதுவரை வேகத்தைக் கூட்டுகிற பக்கத்தைத்தான் கதைத்தோம். வளியைக் கூட்டுகிற பக்கம்: ரஷ்யாவின் ஏஎல்-31எஃப் எஞ்சினின் ஃபேன் விட்டம் 905 மில்லிமீற்றர். சு-35 போர் விமானத்தில் போட்ட ஏஎல்-41எஃப்1எஸ்-இல் 932. விட்டத்தில் நூற்றுக்கு 3, பரப்பில் 6. உதைப்பு 122.6-இலிருந்து 142-க்குப் போனது, நூற்றுக்கு 16. பரப்பு 6 வீதம் தந்தால் மிச்சம் எங்கே? டர்பைன் சூட்டிலும் அமுக்கத்திலும். ஒரு மேம்பாடும் ஒற்றைக் காலில் நிற்பதில்லை.

ஜெனரல் இலெக்ட்ரிக் எஃப்404 எஞ்சினை எஃப்414 ஆக்கியதும் இதே வகை. எஃப்404-400 வகை 71 கிலோநியூற்றன், செக்கனுக்கு 66 கிலோ வளி. எஃப்414 98 கிலோநியூற்றன், 77 கிலோ வளி. வளி நூற்றுக்கு 17 கூட, உதைப்பு 38 கூட. வெளி அளவு பெரிதாக மாறவில்லை. ஃபேனின் இரண்டாம், மூன்றாம் படிகளிலும் உயரமுக்கக் கொம்பிரசரின் முதல் மூன்று படிகளிலும் பிளேட்டையும் தட்டையும் ஒரே துண்டாகக் கடைந்தெடுத்தார்கள். பிளேட்டைத் தட்டில் கொழுவுகிற வால்பகுதி இல்லாததால் பாரம் குறையும், இடுக்கால் வளி ஒழுகாது. குறை திருத்துவதில். ஒரு பிளேட்டைப் பறவை அடித்தால் முன்பு அதைக் கழற்றிப் புதிதொன்று போடலாம். இதில் காயத்தைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும், அல்லது உராய்வு ஒட்டில் புதுத் துண்டு பிடிக்க வேண்டும். தேய்க்க அனுமதித்த அளவைத் தாண்டினால் முழுத் தட்டும் போகும்.

பலர் மறந்துவிடுகிற இடம் பிளேட் நுனி இடைவெளி. உயரமுக்க டர்பைனில் நுனிக்கும் கூட்டுக்கும் இடையில் பிளேட் உயரத்தில் நூற்றுக்கு 1 இடைவெளி கூடினால், டர்பைனின் திறன் நூற்றுக்கு 1-க்குக் குறையாமல் இறங்கும். அதனால் கூட்டின் உட்புறத்தில் தேயவிடும் பூச்சு வைப்பார்கள். முதல் ஓட்டத்தில் பிளேட்டே தனக்கு வேண்டிய வழியை அதில் தேய்த்துக்கொள்ளும்.

களுதாவளை | 14 ஜூலை

3-ஆம் திகதி எழுதியதோடு சேர்த்து ஒன்று. எஃப்100-இன் முதல் வகைகள் 106 கிலோநியூற்றன் தந்தன. அவற்றுக்குப் பின் வந்த 220 வகை 105.7. எண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் அது பெரிய மேம்பாடு. முதல் வகைகளில் த்ரொட்டிலை (உதைப்பைக் கூட்டிக் குறைக்கும் பிடி) வெடுக்கென்று தள்ளினால், முக்கியமாக உயரத்தில் ஆஃப்டர்பேர்ணர் பற்றும்போது, ஸ்டோலாகி அப்படியே தேங்கி நிற்கும். சுழற்சி ஏறாது, சூடு மட்டும் ஏறும்; எஞ்சினை அணைத்துத் திரும்பப் பற்ற வைப்பதைத் தவிர வழியில்லை. 220-இல் இலக்கமுறைக் கட்டுப்பாடு வந்தது. எரிபொருள், நொசில், வழிகாட்டிப் பிளேட்டுகள் மூன்றையும் ஒன்றாக நடத்தியது. அதன் பிறகு த்ரொட்டிலை எப்படியும் தள்ளலாம். விமானிக்கு 106 இருந்தும் தொடப் பயமாக இருந்த உதைப்பு, 105.7 ஆகி முழுக்கக் கைக்கு வந்தது.

கல்முனை | 19 ஜூலை

இப்ப கச்சான் காற்று அடிக்குது, பகலில் 35 பாகை. இந்த எண்கள் எல்லாம் நம்மட ஊரில் அப்படியே கிடைக்குமா?

களுதாவளை | 19 ஜூலை

கிடைக்காது. எஞ்சின் காகிதத்தில் உள்ளதெல்லாம் கடல்மட்டம், 15 பாகை. கெல்வினில் 288. 35 பாகை என்றால் 308. அடர்த்தி 288-ஐ 308-ஆல் வகுத்த அளவு, 0.935. அதிலேயே 6.5 வீதம் போனது. அதோடு நின்றால் பரவாயில்லை. சூடான வளியில் ஒலியின் வேகம் கூட, அதனால் அதே சுழற்சியிலும் கொம்பிரசருக்கு அது மெதுவான ஓட்டம் போலத்தான்: 308-ஐ 288-ஆல் வகுத்ததன் வர்க்கமூலம் 1.034, ஆகவே 3 வீதத்துக்கு மேல் மெதுவாக ஓடுகிற மாதிரி. அமுக்க விகிதம் இறங்கும். உள்ளே வருகிற வளியே சூடாக இருப்பதால் டர்பைன் எல்லைக்குள் நிற்க எரிபொருளையும் குறைக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இழப்பு 10 வீதத்தைத் தாண்டும்.

கச்சான் வறண்டது, அதனால் ஈரப்பதன் கணக்கு சின்னது. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் நீராவியால் இன்னும் 1 வீதம் அளவில் அடர்த்தி குறையும்.

இதனால்தான் டர்பைன் சூட்டு எல்லையை 50 பாகை உயர்த்துகிற ஒரு மேம்பாடு, குளிர்நாட்டைவிட நம்மைப் போன்ற வெக்கை நாட்டில் கூட மதிப்புள்ளது.

வாழைச்சேனை | 20 ஜூலை

தண்ணீர் தெளிப்பதில்லையா?

களுதாவளை | 20 ஜூலை

முன்பு நிறைய. ஹரியர் விமானத்தின் பெகாசஸ் எஞ்சினுக்கு 227 கிலோ தண்ணீர் கொண்டு போவார்கள். டர்பைன் பக்கம் தெளித்து, நிலைக்குத்தாக இறங்கும்போது கூட எரிபொருள் எரிக்க இடம் எடுப்பார்கள். ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு அந்தத் தாங்கி வெறும் பாரம். நல்ல பிளேட் வந்ததும் தண்ணீரின் தேவை குறைந்தது.

கல்முனை | 22 ஜூலை

ஜே79-ஐ வைத்து நானே கணக்குப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்க சேர். வளி செக்கனுக்கு 77 கிலோ. உலர் உதைப்பு 52.9 கிலோநியூற்றன், வகுத்தால் 687 மீற்றர் வேகம். ஆஃப்டர்பேர்ணரோடு 79.6, வகுத்தால் 1,034 மீற்றர். விகிதம் 1.505. வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தோடு போகும் என்பதால் வர்க்கித்தால் 2.26. டர்பைனுக்குப் பின் 900 கெல்வின் என எடுத்தால் ஆஃப்டர்பேர்ணரில் 2,040 கெல்வின் வருது.

களுதாவளை | 22 ஜூலை, இரவு

வழி சரி. எரிபொருளின் திணிவை விட்டுவிட்டீர்கள், அங்கேதான் விடை கொஞ்சம் தூக்கிவிட்டது. ஜே79 உலர் நிலையில் செக்கனுக்கு ஏறக்குறைய 1.3 கிலோ எரிபொருள் எடுக்கும், முழு ஆஃப்டர்பேர்ணரில் 4.4 கிலோ. ஆகவே வெளியே போகும் திணிவு 78.3, 81.4. வேகங்கள் 676, 978. விகிதம் 1.447, வர்க்கம் 2.09. ஆஃப்டர்பேர்ணரில் 1,885 கெல்வின். உங்கட விடையைவிட 150 கெல்வின் குறைவு; உட்சுவர் வடிவமைப்பவருக்கு அது பெரிய வித்தியாசம்.

இனி நொசில் எவ்வளவு விரிய வேண்டும் என்று பாருங்க. வாயின் பரப்பு திணிவோடும் வெப்பநிலையின் வர்க்கமூலத்தோடும் போகும்: 81.4-ஐ 78.3-ஆல் வகுத்து 1.447-ஆல் பெருக்கினால் 1.50. உதைப்பின் விகிதமும் அதேதான். தற்செயல் இல்லை. டர்பைனுக்குப் பின் அமுக்கம் மாறாமல் இருக்கும்படி நொசிலை நடத்தினால், உதைப்பு பரப்போடு நேர்விகிதத்தில் போகும். குழாயில் எரியும்போது போகிற அமுக்க இழப்பை இங்கே சேர்க்கவில்லை. ஒரு 5 வீதம் இழப்பு வைத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டு, பரப்பும் உதைப்பும் எந்தப் பக்கம் நகருது என்று இங்கே போடுங்க.

கல்முனை | 23 ஜூலை

பரப்பு 1.58, உதைப்பு 1.50-க்குக் கொஞ்சம் கீழே. அமுக்கம் குறைந்தால் அதே திணிவு வெளியேறப் பரப்புக் கூட வேண்டும், வெளியேறும் வேகம் இறங்கும். சரியா?

களுதாவளை | 23 ஜூலை

சரி. அதே தாளில் உள்வரும் வளியை 308 கெல்வினுக்கு மாற்றிப் போட்டால் கச்சான் நாளின் கணக்கும் வந்துவிடும். 77 கிலோ என்ற எண்ணை அப்படியே வைக்காதீங்க, முதலில் அதைக் குறைக்க வேண்டும்.